டையூ கடற்போர்: ஒரு தோல்வியும் ஒரு பழிச்சொல்லும்

இந்துமாக்கடலின் வரலாற்றில் ஒரு காலம் முடிந்து மற்றொரு காலம் தொடங்கிய நாள் எதுவெனக் கேட்டால், ஆய்வாளர் பலரும் கி.பி. 1509 பிப்ரவரி 3ஆம் நாளைக் குறிப்பர். ஹிஜ்ரிக் கணக்கில் அது 914ஆம் ஆண்டு ஷவ்வால் மாதம். சவுராஷ்டிரத் தீபகற்பத்தின் தென்கோடியில், நிலத்தை ஒட்டிக் கிடக்கும் சிறு தீவு டையூ. அதன் துறைமுக வாயிலில் அன்று இரு கடற்படைகள் மோதின. எகிப்தின் மம்லூக் சுல்தான் அனுப்பிய கப்பல்களும், குஜராத் சுல்தானகத்தின் கப்பல்களும், கோழிக்கோட்டுச் சாமூதிரியின் படகுகளும் ஒரு பக்கம் நின்றன. போர்த்துக்கீசிய அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ த அல்மெய்தாவின் 18 கப்பல்கள் மறுபக்கம் நின்றன. நண்பகலை நெருங்கும் வேளையில் தொடங்கிய போர், அன்றைய பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. மம்லூக் கடற்படை என்ற ஒன்று அதன்பின் இந்தியக் கரையில் இல்லை.

இத்தோல்வி ஏன் நேர்ந்தது என்னும் வினாவிற்கு நம்மிடையே நெடுநாளாக வழங்கிவரும் விடை ஒன்றுண்டு. டையூவின் ஆளுநர் மலிக் அயாஸ் பறங்கியருடன் மறைவாக உறவு வைத்துக்கொண்டு, எகிப்திலிருந்து வந்த தளபதி அமீர் ஹுசைனைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பதே அது. கேட்பதற்கு எளிய விடை. மனத்திற்கு ஒருவகையில் ஆறுதலும் தருவது. ஒருவர் வஞ்சித்தார், அதனால் தோற்றோம் என்று சொல்லிவிட்டால், மற்றெவரும் எதற்கும் விடை சொல்ல வேண்டியதில்லை. அந்த விடை சான்றுகளின் முன் நிற்குமா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு மனிதரின் மானம் இதில் அடங்கியுள்ளது. அதனினும் பெரிதாக, நம் வரலாற்றை நாம் படிக்கும் முறையும் இதில் அடங்கியுள்ளது.

கடலுக்கு உரிமையாளர் இல்லாத காலம்

பறங்கியர் வருமுன், ஏடனிலிருந்து மலாக்கா வரை பரந்திருந்த கடலுக்கு எந்த அரசும் உரிமை கொண்டாடவில்லை. அரபியரும் பாரசீகரும் குஜராத்தியரும் சோழமண்டலக் கரையினரும் மலபாரியரும் பருவக்காற்றை நம்பிப் பாய்விரித்தனர். துறைமுகத்தை ஆண்டவர் சுங்கம் பெற்றார். கடலில் செல்வதற்கு வரி கேட்டாரில்லை. கடற்கொள்ளையருக்கு எதிராகச் சில வீரர்களை ஏற்றிச் செல்வது உண்டே தவிர, வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக அமைக்கும் தேவை எழவில்லை. இக்கடலில் ஓடிய கப்பல்களில் பெரும்பாலானவை தேக்குப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. சரக்கு ஏற்றவும், பாறையில் மோதினால் வளைந்து கொடுக்கவும் அவை உகந்தவை. கனமான பீரங்கிகளைத் தாங்கவும், அவை வெடிக்கும்போது எழும் அதிர்வைப் பொறுக்கவும் அவை அமைக்கப்பட்டவை அல்ல.

இந்நிலையைப் பொற்காலமாக மட்டும் வருணிப்பதும் முறையாகாது. செங்கடல் வழியே சென்ற மிளகின் மீது மம்லூக் அரசே கடுமையான பிடி வைத்திருந்தது. சுல்தான் பர்ஸ்பாய் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். அதனால், தலைமுறை தலைமுறையாகச் செங்கடலில் வணிகம் செய்துவந்த காரிமி வணிகர்கள் நலிவுற்றனர். கெய்ரோவின் கருவூலம் ஜித்தாவின் சுங்கத்தையே பெரிதும் நம்பியிருக்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று. அந்தச் சுங்கத்தின் வேரில்தான் பறங்கியரின் கோடாரி விழுந்தது.

வாஸ்கோ த காமா 1498 மே மாதம் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தார். 1500இல் வந்த கப்ரால், கோழிக்கோட்டில் தம் ஆட்கள் கொல்லப்பட்டதற்குப் பழியாக நகரைப் பீரங்கியால் தாக்கிவிட்டு, சாமூதிரியின் போட்டியாளரான கொச்சி மன்னரிடம் சென்று நட்புக் கொண்டார். 1502இல் மீண்டும் வந்த காமா, மக்காவிலிருந்து கோழிக்கோடு திரும்பிய மீரீ என்னும் கப்பலை, ஹஜ்ஜை முடித்துத் திரும்பியோர் உட்பட நூற்றுக்கணக்கான பயணிகளுடன் எரித்தார். 1505இல் அல்மெய்தா முதல் அரசப் பிரதிநிதியாக வந்து கோட்டைகள் கட்டத் தொடங்கினார். போர்த்துக்கீசியரின் அனுமதிச் சீட்டு இன்றிச் செல்லும் கப்பலைப் பிடிக்கலாம் என்ற புதுவழக்கம் கடலில் நடைமுறைக்கு வந்தது.

சூயஸிலிருந்து புறப்பட்ட படை

அப்போது எகிப்தை ஆண்டவர் சுல்தான் கான்ஸூஹ் அல்கவ்ரி. 1501இல் அரியணை ஏறிய அவர் முதலில் தூதின் வழியே முயன்றார். ஜெருசலேமிலிருந்த பிரான்சிஸ்கத் துறவி ஒருவரைப் போப்பாண்டவரிடம் அனுப்பி, போர்த்துக்கீசியர் தம் செயலை நிறுத்தாவிடில் புனித பூமியிலுள்ள கிறித்தவத் தலங்கள் பாதிக்கப்படும் என்று எச்சரித்தார். பயன் விளையவில்லை. மிளகு வணிகத்தில் எகிப்தின் நெடுநாள் கூட்டாளியான வெனிஸ் நகர அரசும் 1504இல் தூதரை அனுப்பி, இந்திய மன்னர்களுடன் சேர்ந்து போர்த்துக்கீசியரைத் தடுக்குமாறு சுல்தானை ஊக்குவித்தது. கிறித்தவ வெனிஸ் எகிப்தின் பக்கம். இந்து மன்னரான சாமூதிரி அதே பக்கம். கொச்சியின் நாயர் வீரர்கள் போர்த்துக்கீசியரின் பக்கம். கொச்சியில் வாழ்ந்த மரைக்காயர் வணிகர்களிலும் சிலர் போர்த்துக்கீசியருக்கு மிளகும் அரிசியும் வழங்கிவந்தனர். இப்போரைச் சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த போர் என்று ஒரே வரியில் சுருக்குவோர் இவ்வுண்மைகளைக் கருத்தில் கொள்வது நலம்.

படை அமைப்பதில் முதல் இடர்ப்பாடு மரம். சூயஸைச் சுற்றிலும் பாலைவனம். கப்பல் கட்ட ஒரு பலகையும் அங்கே கிடைக்காது. அனத்தோலியாவின் தென்கரைக் காடுகளில் வெட்டிய மரம் மத்தியதரைக் கடலைக் கடந்து, நைல் நதி வழியே கெய்ரோவை அடைந்து, அங்கிருந்து ஒட்டகங்களின் முதுகில் சூயஸ் சென்றது. இவ்வாறு உருவான ஒவ்வொரு கப்பலும், இழந்தால் எளிதில் ஈடுசெய்ய இயலாத பொருளாயிற்று. இரண்டாவது இடர்ப்பாடு ஆட்கள். கெய்ரோவின் வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ், இப்படையில் மம்லூக்குகளின் பிள்ளைகளும் மக்ரிபியரும் துர்க்மானியரும் கறுப்பினப் படைவீரரும் இருந்தனர் என்று குறிப்பிடுகிறார். குதிரையேற்றத்தையும் வாட்போரையுமே வீரமாகக் கருதிய மம்லூக் அமீர்கள், கடலும் வெடிமருந்தும் தமக்குரியவை என எண்ணியதில்லை. ஆகவே அரசின் முதல்தரப் படை இம்முயற்சிக்கு வரவில்லை.

அமீர் ஹுசைன் அல்குர்தியின் தலைமையில் 1505இன் இறுதியில் படை புறப்பட்டது. முதல் வேலையாக அவர் ஜித்தாவில் இறங்கி, ஆட்களைக் கடுமையாக வேலைவாங்கி நகரைச் சுற்றி மதில் எழுப்பினார். ஹரமைனின் வாயிலான அத்துறைமுகம் அதுவரை காப்பற்றுக் கிடந்தது. பின்னர் செங்கடலையும் ஏடனையும் கடந்து, 1507இல் டையூவை அடைந்தார்.

டையூவை ஆண்டவர்

டையூ, குஜராத் சுல்தான் மஹ்மூத் பேகடாவின் ஆட்சிக்கு உட்பட்டது. அதன் ஆளுநர் மலிக் அயாஸ் இந்நாட்டில் பிறந்தவர் அல்லர். அடிமையாக விற்கப்பட்டு, குஜராத் அரசவையை அடைந்து, தம் திறமையால் உயர்ந்தவர். ருஷ்ய நாட்டினர் என்றும் ஜார்ஜியர் என்றும் அவரைப் பலவாறு கூறுவர். மீன்பிடி ஊராகவும் சிறு துறையாகவும் இருந்த தீவை, செங்கடலுக்கும் மலாக்காவிற்கும் இடைப்பட்ட பெரும் சந்தையாக வளர்த்தவர் அவரே. கோட்டையும், துறைமுக வாயிலில் பீரங்கி மேடைகளும், விரைந்து செல்லும் சிறு போர்ப்படகுகளும் அமைத்திருந்தார். அந்நகரின் செல்வமே அவருடைய செல்வம். அந்நகரின் பாதுகாப்பே அவருடைய பதவி.

அவருடைய மன்னரின் நிலை வேறு. குஜராத் சுல்தானகத்தின் வலிமை, வயல்களிலிருந்து பெற்ற வரியையும் குதிரைப்படையையும் சார்ந்தது. கடலில் என்ன நேர்ந்தாலும் அரியணை அசையாது. ஆகவே கடற்கரையைக் காக்கும் பொறுப்பு, பெரும்பாலும் துறைமுக ஆளுநர்களின் கையில் விடப்பட்டிருந்தது. மலிக் அயாஸின் செயல்களை எடைபோடுவோர் இதை மறத்தலாகாது. எதிரியின் கப்பல்கள் வாயிலில் வந்து நின்றால், உதவிக்கு வரத் தலைநகரில் ஒரு கடற்படை இல்லை.

சவுல்: வெற்றியும் வீணான காலமும்

1508 மார்ச் மாதம், கொங்கணக் கரையிலுள்ள சவுல் துறையில் அல்மெய்தாவின் மகன் லோரென்சோ, கொச்சி வணிகக் கப்பல்களுக்குக் காவலாகத் தங்கியிருந்தார். தொலைவில் தோன்றிய எகிப்தியக் கப்பல்களைத் தம் நாட்டவரின் கப்பல்கள் என்றே போர்த்துக்கீசியர் முதலில் கருதினர். அமீர் ஹுசைன் தொடங்கிய தாக்குதலில், மலிக் அயாஸ் தம் சிறு படகுகளுடன் வந்து சேர்ந்துகொண்டார். வெளியேற முயன்ற லோரென்சோவின் கப்பல், ஆற்றில் மீனவர் நட்டிருந்த கழிகளில் சிக்கிக்கொண்டது. பீரங்கிக் குண்டு பட்டு அவர் மாண்டார். சாமூதிரியின் தூதராக எகிப்து சென்று இப்படையுடன் திரும்பிய மாயிமாமா மரைக்காயரும் இப்போரில் உயிர்நீத்தார். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் இன்றும் வழங்கும் மரைக்காயர் என்னும் பெயர், இக்கடற்போர்களின் தொடக்கத்திலேயே இடம்பெற்றிருப்பதைக் கருத்தில் கொள்க.

இந்துமாக்கடலில் போர்த்துக்கீசியர் அடைந்த முதல் பெரும் கடல் தோல்வி இது. ஆயினும் இவ்வெற்றி பயன்படுத்தப்படவில்லை. சவுல் போருக்கும் டையூ போருக்கும் இடையே 11 மாதங்கள் கழிந்தன. மழைக்காலத்தில் மேற்குக் கரைக் கடல் மூடப்படும் என்பது உண்மை. அது திறந்த பின்னரும், கூட்டுப்படை கோழிக்கோட்டிற்குச் சென்று சாமூதிரியின் படையுடன் இணைந்து கொச்சியை நெருக்கவில்லை. டையூவிலேயே தங்கியது.

எதிர்ப்பக்கத்திலும் பிளவு இல்லாமலில்லை. அல்மெய்தாவிடமிருந்து பொறுப்பை ஏற்கும் ஆணையுடன் அல்புகெர்க் 1508 இறுதியில் கண்ணனூர் வந்தார். மகனின் சாவுக்குப் பழிவாங்கும் வரை பதவியை ஒப்படைக்க இயலாது என அல்மெய்தா மறுத்துவிட்டார். இப்பூசல் அவர்களிடையே கசப்பை வளர்த்தது. ஆனால் கப்பல்களையும் தளபதிகளையும் ஒரே கட்டளையின்கீழ் வடக்கு நோக்கிச் செலுத்துவதைத் தடுக்கவில்லை. வழியில் பீஜப்பூர் அரசின் தாபோல் துறைமுகத்தை அவர்கள் எரித்து, மக்களைக் கொன்று குவித்தனர். அது 1508 டிசம்பர் இறுதி, ரமளான் மாதம். தாபோலின் செய்தி டையூவை எட்டியபோது, அடுத்த இலக்கு எது என்பதில் எவருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது.

போர் நாள்

கூட்டுப்படையில் 10 பெரிய பாய்மரக் கப்பல்களும் 6 துடுப்புக் கப்பல்களும், இவற்றுடன் நூறளவிலான சிறு படகுகளும் இருந்தன எனப் போர்த்துக்கீசியரின் குறிப்புகளிலிருந்து அறிகிறோம். எண்ணிக்கையில் அல்மெய்தாவின் படை சிறியது. ஆனால் அவருடைய பெருங்கப்பல்கள் அட்லாண்டிக் கடலின் அலைகளுக்காகக் கட்டப்பட்டவை. ஆணி அறைந்த தடித்த பலகைகளும் உயர்ந்த பக்கங்களும் கொண்டவை. கனமான பீரங்கிகளைத் தாங்குபவை.

எங்கே போரிடுவது என்பதில் அமீர் ஹுசைனுக்கும் மலிக் அயாஸுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. அமீர் ஹுசைன் திறந்த கடலில் எதிர்கொள்ள விரும்பினார். மலிக் அயாஸோ, துறைமுக வாயிலில், கோட்டைப் பீரங்கிகளின் காவலில் நங்கூரமிட்டு நிற்பதையே வற்புறுத்தினார். இரண்டாவது கருத்தே செயலுக்கு வந்தது. கரையை ஒட்டிப் பெருங்கப்பல்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. கோழிக்கோட்டுப் படகுகள் பறங்கியரைப் பின்புறமிருந்து தாக்குவதற்காக ஒதுங்கி நின்றன.

பிப்ரவரி 3 அன்று, காற்றும் நீரோட்டமும் சாதகமாக அமையும்வரை காத்திருந்து, அல்மெய்தா வாயிலில் நுழைய ஆணையிட்டார். நூனோ வாஸ் பெரெய்ரா என்பவரின் கப்பல் முன்னே சென்று, அமீர் ஹுசைனின் தலைமைக் கப்பலை நெருங்கிப் பிணைத்துக்கொண்டது. அத்தளபதி அங்கேயே மாண்டார். எனினும் கப்பல் வீழ்ந்தது. அல்மெய்தா தம் தலைமைக் கப்பலான பிளோர் த லா மாரை வாயிலின் குறுக்கே நிறுத்தி, கோழிக்கோட்டுப் படகுகளை உள்ளே வரவிடாமல் பீரங்கியால் தடுத்தார். நீர்மட்டத்தைக் குறிவைத்துச் சுடப்பட்ட குண்டுகள் நின்ற கப்பல்களின் பக்கங்களைப் பிளந்தன. நங்கூரமிட்ட கப்பல்கள் திரும்பவும் இயலவில்லை. ஒன்றுக்கொன்று உதவவும் இயலவில்லை. குஜராத்தியரின் பெருங்கப்பல் ஒன்று மட்டும், எவரும் ஏறிப் பிடிக்க முடியாதபடி நெடுநேரம் எதிர்த்து நின்றது. இறுதியில் பீரங்கிகள் சூழ்ந்து நின்று அதை மூழ்கடித்தன. அமீர் ஹுசைன் சிறு படகில் தப்பிக் கரைசேர்ந்து, குஜராத் சுல்தானின் அரசவைக்குச் சென்றார்.

மறுநாள் மலிக் அயாஸ் அமைதி நாடித் தூதனுப்பினார். சவுலில் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியரை நல்லுடை உடுத்தி ஒப்படைத்தார், பொருளும் அளித்தார். டையூவைக் கைப்பற்றினால் காத்து நிற்கப் படை போதாது எனக் கருதிய அல்மெய்தா, அதைப் பெற்றுக்கொண்டு திரும்பினார். திரும்பும் வழியில் கண்ணனூரில், தம் கையில் சிக்கிய கைதிகளைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடவைத்தார். மம்லூக் சுல்தானின் கொடிகள் போர்த்துக்கல்லுக்கு அனுப்பப்பட்டு, தோமார் நகர மடத்தில் வைக்கப்பட்டன.

பழிச்சொல்லின் எடை

ஹதீஸ் கலையில், செய்தி ஒன்றை ஏற்குமுன் அதை அறிவித்தவர் யார், அவர் நேரில் கண்டவரா, அவருக்கு அதில் என்ன நோக்கம் என்று கேட்பது நம் முன்னோர் வகுத்த முறை. வரலாற்றுக்கும் அது பொருந்தும். மலிக் அயாஸ் மீதான குற்றச்சாட்டு மூன்று செய்திகளின்மீது நிற்கிறது. அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

முதலாவது, அவர் அல்மெய்தாவுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்பது. உண்மையே. லோரென்சோவின் மறைவுக்குப் பின், அவருடைய வீரத்தைப் பாராட்டியும், சிறைப்பட்டோர் நலமுடன் இருப்பதைத் தெரிவித்தும் எழுதினார். போர்க்காலத்தில் எதிரிக்குக் கடிதம் எழுதுவது எல்லா அரசுகளும் கைக்கொண்ட வழக்கம். அது மட்டுமே துரோகத்திற்குச் சான்றாகாது. அக்கடிதத்திற்கு அல்மெய்தா தந்த மறுமொழி நட்பு அன்று; பழிவாங்க வருகிறேன் என்னும் மிரட்டலே. காட்டிக்கொடுக்க இசைந்த கூட்டாளிக்கு எவரும் அவ்வாறு எழுதமாட்டார்.

இரண்டாவது, போர் நாளில் அவர் கப்பலில் ஏறாமல் கரையில் நின்றார். துறைமுகத்திற்குள் நின்று போரிடச் செய்தவரும் அவரே என்பது. அவர் கோட்டையின் ஆளுநர். கோட்டைப் பீரங்கிகள் அவர் பொறுப்பில் இருந்தன. அவருடைய படகுகளும் குஜராத் கப்பல்களும் களத்தில் இருந்தன; கடைசிவரை நின்று மூழ்கியது குஜராத்தியரின் கப்பலே. திறந்த கடலில் பறங்கியரின் உயர்ந்த கப்பல்களை எதிர்கொள்வதைவிட, கரைப் பீரங்கிகளின் துணையுடன் நிற்பது மேல் என எண்ணியதில் அறிவுக்குப் பொருந்தாதது ஏதுமில்லை. அத்திட்டம் தோற்றது என்பதால், அது வஞ்சகமாகிவிடாது.

மூன்றாவது, போருக்குப் பின் கைதிகளை விடுவித்துப் பொருள் கொடுத்தார் என்பது. அப்போது அவரைக் காக்கக் கடலில் ஒரு கப்பலும் இல்லை. தாபோல் எரிந்து ஐந்து வாரமே ஆகியிருந்தது. கைதிகளைக் கண்ணியமாக நடத்தியதும் நகரைத் தீக்கிரையாகாமல் காத்ததும் குற்றமெனில், அவர் வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் குற்றம் சாட்டுவோர் சொல்லியாக வேண்டும்.

இம்மூன்றையும்விட வலுவான சான்று அவருடைய எஞ்சிய வாழ்க்கை. டையூவில் கோட்டை கட்டப் போர்த்துக்கீசியர் மீண்டும் மீண்டும் முயன்றனர். அல்புகெர்க் கேட்டும் கிடைக்கவில்லை. 1521இல் பெரும் கடற்படையுடன் வந்தும் இயலவில்லை. சொல்லால் இழுத்தடித்தும், தேவைப்பட்டபோது ஆயுதத்தால் தடுத்தும், 1522இல் இறக்கும்வரை மலிக் அயாஸ் அவர்களை உள்ளே விடவில்லை. 1535இல் சுல்தான் பஹாதுர் ஷா, முகலாய மன்னர் ஹுமாயூனின் படையெடுப்பால் நெருக்குண்டு உதவி நாடியபோதுதான் அவர்களுக்கு டையூவில் கோட்டை கட்ட இடம் கிடைத்தது. 1509இல் ஊரை விற்றவராகச் சொல்லப்படுபவர், அதன்பின் 13 ஆண்டுகள் அதே ஊரை விற்காமல் காத்தது எவ்வாறு?

இதனால் அவரைத் தியாகியாக உயர்த்துவதும் நம் நோக்கமன்று. எகிப்தின் படைக்காகத் தம் துறைமுகத்தை அழியவிட அவர் ஆயத்தமாக இல்லை. அவர் தம் நகரை முதலிலும் கூட்டணியை அடுத்தும் வைத்தார். ஆனால் அக்கூட்டணியில் தம் நலனைப் பின்னே வைத்தவர் எவர்? சுல்தான் அல்கவ்ரிக்கு வேண்டியது ஜித்தாவின் சுங்கம். சாமூதிரிக்கு வேண்டியது கொச்சியின்மீது மேலாண்மை. குஜராத்திற்கு வேண்டியது துறைமுகங்களின் அமைதி. மூன்று நோக்கங்களுக்கும் ஒரே எதிரி இருந்தான். ஆனால் ஒரே தலைமை இல்லை, ஒரே கருவூலம் இல்லை, தோற்றால் மீண்டும் எழத் துணைப்படையும் இல்லை.

அந்த இல்லாமையின் ஆழத்தைப் பின்வந்த நிகழ்ச்சி காட்டும். டையூவின் இழப்பை ஈடுசெய்யச் சுல்தான் மீண்டும் மரம் தருவித்தார். 1510இல் அம்மரத்தை ஏற்றிவந்த கப்பல்களை, ரோட்ஸ் தீவின் கிறித்தவப் போர்வீரர் சபையினர் சிரியாவின் வடபுறமுள்ள அயாஸ் துறையருகே தாக்கி அழித்தனர். அடுத்த கடற்படை சூயஸிலிருந்து புறப்பட 1515 ஆயிற்று. அதற்குள் கோவா 1510இலும் மலாக்கா 1511இலும் போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்துவிட்டன. ஒரு போரில் தோற்பது எந்த அரசுக்கும் நேர்வதே. தோற்றபின் ஐந்தாண்டுகள் கப்பல் கட்ட மரமின்றி இருப்பதுதான் கடலை இழக்கச் செய்தது.

மற்றொரு பழிச்சொல்

இவ்வாறு ஒருவர் தலையில் பழியை ஏற்றும் வழக்கத்திற்கு நம் நூல்களிலேயே இன்னொரு சான்று உண்டு. குத்புத்தீன் அந்நஹ்ரவாலி, மக்காவில் வாழ்ந்த பெரும் அறிஞர். யமன் நாட்டை உஸ்மானியர் வென்ற வரலாறாகிய 'அல்பர்க்குல் யமானி' என்னும் நூலில், பறங்கியருக்கு இந்தியாவின் வழியைக் காட்டியவர் மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் என்றும், மதுவின் மயக்கத்தில் அவ்வாறு செய்தார் என்றும் எழுதினார். நிகழ்ச்சி நடந்து 70 ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட செய்தி அது. காமாவுக்கு மாலிந்தியில் கிடைத்த வழிகாட்டியைப் போர்த்துக்கீசிய நூல்கள் குஜராத்தைச் சேர்ந்தவர் என்கின்றன. இப்னு மாஜிதோ அரேபியாவின் ஜுல்ஃபாரைச் சேர்ந்தவர். இன்றைய ஆய்வாளர்களுள் பெரும்பாலோர் அக்கதையை ஏற்பதில்லை. ஆனால் கடற்கலைக்கு 'அல்ஃபவாயித்' என்னும் ஒப்பற்ற நூலை வழங்கிய அம்மேதையின் பெயர், அக்கதையுடனேயே பலருக்கு அறிமுகமாகிறது. கடல் வந்ததற்கு ஒரு மாலுமி, கடல் போனதற்கு ஓர் ஆளுநர்: இரு தனிமனிதர்களில் ஒரு நூற்றாண்டின் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது.

இதற்கு மாறான வழியைக் காட்டியவர் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்). நம் அரபுக் கல்லூரிகளில் ஷாஃபிஈ ஃபிக்ஹு பயில்வோர் கையில் என்றும் இருக்கும் 'ஃபத்ஹுல் முஈன்' நூலின் ஆசிரியரே அவர். மலபாரில் பறங்கியர் இழைத்த கொடுமைகளைப் பதிவு செய்யும் அவருடைய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' 1583 வரையான நிகழ்வுகளைக் கூறுகிறது. அமீர் ஹுசைனின் வருகையையும் டையூவின் தோல்வியையும் அதில் சுருக்கமாகவே சொல்லிச் செல்கிறார். பறங்கியர் வந்த காரணத்தைக் கூறுமிடத்தில் அவர் எந்தத் தனிமனிதரையும் தேடவில்லை. தம் மக்கள் பெற்ற அருளை மறந்ததையும், பிளவுபட்டு நின்றதையும் காரணமாகச் சொல்கிறார். கொடுமை செய்தவனின் கொடுமையைக் குறைக்காமலே, தம்மவரின் குறையையும் உரைக்கும் நேர்மை அது. போரின் வெம்மை தணியாத காலத்தில் எழுதியவருக்கு அது கைகூடியிருக்கிறது.

தோல்விக்குப் பின்

டையூவுடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. பறங்கியரின் தனியுரிமை ஒருபோதும் முழுமை பெறவில்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செங்கடல் வழியே மிளகு மீண்டும் பெருமளவில் சென்றது. அச்சே நாட்டுக் கப்பல்கள் நேரே செங்கடலுக்கு ஓடின. கொச்சியில் போர்த்துக்கீசியருடன் வணிகம் செய்த மரைக்காயர்களுள் ஒரு பகுதியினர், அவர்களின் நெருக்கடி தாளாமல் சாமூதிரியிடம் சென்றனர். குஞ்ஞாலி மரைக்காயர்களின் தலைமையில், 1600 வரை, சிறு படகுகளைக் கொண்டே பறங்கியரை அலைக்கழித்தனர். ஒரு காலத்தில் அரிசி விற்றதற்காக அவர்களையும் துரோகிகள் என்று ஒதுக்கியிருந்தால், இவ்வரலாறு நமக்கு விளங்காமலே போயிருக்கும்.

அமீர் ஹுசைனின் முடிவு துயரமானது. 1516இல் மர்ஜ் தாபிக் களத்தில் சுல்தான் அல்கவ்ரி உயிர்நீத்தார். 1517இல் எகிப்து உஸ்மானியர் வசமாயிற்று. அதே ஆண்டில் அமீர் ஹுசைன் கடலில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். அந்த 1517ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கீசியக் கடற்படை ஜித்தாவின் முன் வந்து நின்றது. ஹரமைனுக்கும் அவர்களுக்கும் இடையே நின்றது, அமீர் ஹுசைன் எழுப்பிய மதிலும், அதன் பின்னிருந்த பீரங்கிகளும், அவற்றை இயக்கிய செல்மான் ரெயிஸ் என்னும் உஸ்மானியக் கடற்தளபதியும். தாக்கத் துணியாமல் கப்பல்கள் திரும்பிச் சென்றன. டையூவில் தோற்றவர் என்று மட்டும் அமீர் ஹுசைனை அறிந்தோர், இதையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அம்மதில் 1947 வரை ஜித்தாவைச் சூழ்ந்து நின்றது. டையூவில் இல்லாதவை எவையோ, அவை ஜித்தாவில் இருந்தன: முன்கூட்டிய ஏற்பாடு, பீரங்கிக் கலையறிந்த தலைமை, ஒரே கட்டளை. இரண்டு துறைமுகங்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க ஒரு துரோகி தேவைப்படவில்லை. தோல்விகளின் வரலாற்றைப் படிக்கும்போது, காட்டிக்கொடுத்தவர் யார் என்னும் வினாவிற்கு முன்னதாக, கட்டாமல் விட்டது எது என்று கேட்கப் பழகுவோமாக. அவ்வாறு கேட்பது மறைந்தவர்களுக்கு நாம் செய்யும் நீதி. வருபவர்களுக்கு நாம் விட்டுச்செல்லும் பயன்.